பழுது நோட்டின் நான்காவது கட்டம்

அக்டோபர் 11, வெள்ளி

இந்த டைரியைக் கொடுத்தவன் கோழி மருந்துக் கம்பெனிக்காரன். ஜனவரியில் கொடுத்தான். இன்றுவரை வெள்ளையாகவே கிடந்தது. நேற்று திருப்பூரிலிருந்து மகள் சுகந்தி போனில், "யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்கப்பா. எழுதியாச்சும் வைங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். அதுதான் பண்ணையில் பழுது நோட்டு எழுதுகிறேனே, போதாதா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

பெயர் குழந்தைவேலு. வயது ஐம்பத்து நான்கு. நாமக்கல் பக்கத்தில் சென்னியப்பன் முதலாளியின் முட்டைக்கோழிப் பண்ணையில் பத்தொன்பது வருஷமாக மெக்கானிக். யாரும் படிக்கப்போவதில்லை, பிறகு யாருக்கு இந்த அறிமுகம் என்று தெரியவில்லை.

இன்று ஆயுத பூசை. ஆடியில் தனபாக்கியம் போனாள். மனைவி போன வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, பூசையில் கை வைக்கக் கூடாது. முதலாளியின் அம்மாவை நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்போம். முந்தாநாளே என்னைக் கூப்பிட்டு, "வேலு, இந்த வருசம் நீ தள்ளி நின்னுக்கப்பா. மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல" என்றார். சரிங்க என்றேன். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

வண்டிகளுக்குப் பொட்டு வைத்தது, எலுமிச்சம்பழம் நசுக்கியது, பூசணிக்காய் உடைத்தது எல்லாம் லோடர் டிரைவர் மாதேஸ்வரன். நான் வேப்பமரத்துப் பக்கம் தள்ளி நின்று பார்த்தேன். பொட்டுகள் எல்லாம் ஒரே அளவாக, நேராக இருந்தன. "பரவால்லியே மாதேசு, அச்சுல வார்த்தாப்பல வெச்சிருக்கற" என்று பெரியம்மா பாராட்டினார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் பார்த்தான். நான் ஜெனரேட்டரைப் பார்த்தேன்.

காலையில் ஐந்தரைக்கே பண்ணைக்குப் போயிருந்தேன். கம்ப்ரசரில் தண்ணீர் வடிக்க வேண்டியிருந்தது. நகக்கண்ணில் மஞ்சள் ஏறிவிட்டது, சோப்புப் போட்டும் போகவில்லை.

இந்த டைரியில் பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு யோசனை அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு: 'கொட்டகையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று தினமும் கவனியுங்கள்.'

அக்டோபர் 12, சனி

லீவு. சோறு வடித்தேன், குழைந்துவிட்டது.

அக்டோபர் 14, திங்கள்

நான்காம் ஷெட்டில் பழைய கோழிகளை விற்றாயிற்று. கூண்டுகளுக்கு அடியில் ஒரு வருஷத்து எரு இடுப்புயரம் கிடக்கிறது. இருபத்தெட்டாம் தேதி புதுக் கோழிகள் வருகின்றன. அதற்குள் எருவை அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்து, காயவிட வேண்டும். தூண்களுக்கு நடுவே ஜேசிபி நுழையாது. அதற்குத்தான் குட்டி லோடர். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு லிவர். ஒரு பக்கத்துச் சக்கரம் முன்னேயும் மறுபக்கம் பின்னேயும் உருண்டால் நின்ற இடத்திலேயே பம்பரமாகத் திரும்பும். நல்ல வண்டி. ஓட்டுகிற மாதேஸ்தான் வாய் மூடாதவன். வண்டியோடும் பேசுவான்.

இன்று எட்டு மணிக்குத் தொடங்கினான். முக்கால் மணி நேரம் நன்றாக அள்ளியது. பிறகு பக்கெட்டை எருவுக்குள் விட்டால் இன்ஜின் முக்குகிறது, சத்தம் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் நின்றே போய்விட்டது.

எருத் தூள், வேறென்ன. ஏர் ஃபில்டரைக் கழற்றி ஊதினேன். அரைப்படி தூள் வந்தது. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். பழைய முறுக்கு வந்துவிட்டது. பழுது நோட்டில் எழுதினேன். அதில் ஐந்து கட்டங்கள்: தேதி, வண்டி, பழுது, காரணம், கையெழுத்து. நான்காவது கட்டத்தில் 'தூசி'. பத்து நிமிட வேலை.

அக்டோபர் 15, செவ்வாய்

பத்து நிமிட வேலை இல்லை. நேற்று நான் போன பிறகு மறுபடி நின்றதாம். இன்றும் அதே முக்கால் மணி, அதே முக்கல்.

ரேடியேட்டரைப் பார்த்தேன். கோழி இறகு பஞ்சு மெத்தை போல அப்பியிருந்தது. மூச்சுவிட வழியில்லாமல் இன்ஜின் சூடாகித்தான் சக்தி இழக்கிறது என்று முடிவு கட்டினேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எடுத்தேன். டேங்கில் டீசல் பார்த்தேன். ஓட்டினேன். ஓடியது.

மாதேஸ் பக்கத்தில் குந்தியிருந்தவன், "மேஸ்திரி, டேங்க் மூடியத் தொறக்கறப்ப புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விடுதுங்க. கவனிச்சீங்களா?" என்றான்.

"உனக்கு எல்லாமே மூச்சுத்தான் விடும். நாடி புடிச்சுக் கசாயம் வெச்சுக் குடு" என்றேன்.

சிரித்தான். அவனுக்குக் கோபமே வருவதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

நான்காவது கட்டம்: 'ரேடியேட்டர் அடைப்பு'.

அக்டோபர் 16, புதன்

மழை. ஷெட் ஓரத்து எரு நனைந்து, ஈ மொய்க்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் முதலாளியிடம் வந்து, ஈ சோற்றுத் தட்டு வரைக்கும் வருகிறது என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். லோடர் இன்று ஒரு மணி நேரம் ஓடி நின்றது.

டீசல் ஃபில்டரை மாற்றினேன். கீழே தண்ணீர் பிரிகிற கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். நாலைந்து சொட்டுத் தண்ணீர். இவ்வளவு தண்ணீர் மழைக்காலத்தில் எந்த வண்டியிலும் இருக்கும். ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். பேரலிலிருந்து கேனில் பிடித்து வண்டிக்கு ஊற்றுகிறவன் மாதேஸ்.

முதலாளியிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

இன்று நானே கூட இருந்தேன். மூங்கில் குச்சியில் கோடு கிழித்து, அரை மணிக்கு ஒரு தரம் டேங்கைத் திறந்து டீசலை அளந்தேன். இவன் கணக்கு சரியாக இருக்கிறதா, நடுவில் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றுதான். எட்டிலிருந்து ஒரு மணி வரை ஐந்து மணி நேரம். வண்டி ஒரு தடவைகூட முக்கவில்லை. மாதேஸுக்கே ஆச்சரியம். "உங்களக் கண்டா அதுக்குப் பயமுங்க" என்றான்.

சாப்பிட்டுவிட்டு நான் தீவன மில்லுக்குப் போனேன். மூன்று மணிக்கு ஆள் அனுப்பினான், வண்டி நின்றுவிட்டது என்று.

பத்தொன்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். பழுது என்பது ஆள் பார்த்து வராது. நான் நின்றால் ஓடுகிறது, அவன் தனியாக இருந்தால் நிற்கிறது என்றால் பழுது வண்டியில் இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அவர் எங்கள் எல்லாரையும்விடச் சின்னவர், முப்பத்தெட்டு வயது. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். "நெசமாவாங்கண்ணா? டீசல எடுத்துப்போட்டுத் தண்ணி கலக்கறானா?" என்று கேட்டார்.

"கண்ணுல பாக்கலீங்க. ஆனா வண்டில ஒண்ணும் இல்லீங்க. எல்லாத்தையும் பாத்துட்டேன்."

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அப்பாவும் இதையேதான் சொல்வார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஷெட் வேலை முடியட்டும், இருபத்தேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமையோடு அவனை நிறுத்திவிடலாம், தீபாவளி கழித்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் யாராவது விசாரித்தால் காரணத்தையும் சொல்லிவிடுவாராம். அப்படியென்றால் இந்தச் சுற்று வட்டாரத்தில் அவனுக்கு வண்டி கிடைக்காது.

மாதேஸுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தது ஏழாவது படிக்கிறது.

நான்காவது கட்டத்தில் 'ஓட்டுநர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. பேனா சரியில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வீட்டு வேலை. துணி துவைத்தேன். தண்ணீர்த் தொட்டி கழுவினேன். தனபாக்கியத்தின் சமையல் மேடையை ஒழுங்குபடுத்தலாம் என்று இறங்கி, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

பித்தளைக் கிண்ணம் ஒன்று பத்து நாளாக ஊறிக் கிடக்கிறது. அடியில் ஒட்டியது கல்லாகிவிட்டது. கடைசியில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் தட்டித்தான் பெயர்த்தேன். கடையில் வாங்குகிற சந்தனப் பொடியில் என்ன எழவைக் கலக்கிறார்களோ, சுண்ணாம்போ மாவோ. அவள் கட்டையை உரசி அரைத்துத் தருவாள், தண்ணீராக இருக்கிறதே என்று நான் ஒவ்வொரு வருஷமும் குறை சொல்வேன். இரண்டு நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். இந்த வருஷம் கெட்டியாகக் குழைத்தது என்னவோ நன்றாகத்தான் பிடித்தது.

எதற்கோ கொஞ்சம் குழைத்திருந்தேன்.

பக்கத்து அடியில்: 'காற்று வரும் வழிகளை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.' போன வாரமும் இதையேதான் சொன்னான். எழுதுகிறவனுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

நேற்று எழுத இருந்தது. எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை வண்டி ஷெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. நான் போனபோது மாதேஸ் வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். "மேஸ்திரி, எதையும் தொடாமப் பாருங்க" என்றான். உள்ளே பிளாஸ்டிக் டீசல் டேங்க். அதன் பக்கவாட்டுச் சுவர் உள்ளே ஒட்டிப்போயிருந்தது, மூன்று நாள் பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி.

"இப்ப மூடியத் தொறங்க."

திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. டேங்கின் சுவர் டப்பென்று வெளியே வந்தது.

அந்த டப்பென்ற சத்தத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இன்ஜின் டீசலைக் குடிக்கக் குடிக்க டேங்குக்குள் காலியாகிற இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கு மூடியின் தலையில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. அது அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம். முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் டீசல் ஏற மறுக்கும். மூடியைத் திறந்தால் மறுபடி முக்கால் மணி ஓடும். ஏர் ஃபில்டரை ஊதிய அன்றும் மூடியைத் திறந்தேன். ரேடியேட்டர் எடுத்த அன்றும் திறந்தேன். வியாழக்கிழமை அவனைப் பிடிக்க அரை மணிக்கு ஒரு தரம் குச்சியும் கையுமாகத் திறந்தேன். என் சந்தேகம்தான் அன்றைக்கு வண்டியை ஓட்டியிருக்கிறது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். தலையின் நடுவில், துவாரத்தின் மேலேயே, சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். எருத் தூள் படிந்து கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. கல்.

"என்னங்க மேஸ்திரி?" என்றான் மாதேஸ்.

"ஒண்ணுமில்ல. மூடில கொஞ்சம் அழுக்கு" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். வெந்நீரில் போட்டு, ஊசியால் குத்தி எடுத்தேன். மாட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது.

பதினொன்றாம் தேதி இந்த டைரியில் எழுதியது பொய். முதல் பக்கத்திலேயே பொய். கம்ப்ரசரில் தண்ணீர் வடிக்கப் போகவில்லை. பொட்டு வைக்கத்தான் போனேன்; மாதேஸ் வைத்தான் என்று எழுதியதும் பொய். பத்தொன்பது வருஷமாக அவள் அரைத்துக் கொடுப்பாள், நான் கொண்டுபோய் வைப்பேன். இந்த வருஷமும் வைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. டேங்க் மூடிக்கு ஒவ்வொரு வருஷமும் வைப்பதுதான், வண்டிக்கு வாய் அதுதானே என்று. ஒரு வருஷமும் அடைத்ததில்லை. அவள் சந்தனம் உதிர்ந்து போய்விடும்.

அக்டோபர் 23, புதன்

லோடர் எட்டு மணி நேரம் ஓடியது. முதலாளி வந்து பார்த்தார். மாதேஸ் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெல்ல, "பாத்தீங்களாண்ணா? கணக்குப்புள்ளகிட்ட அவனப் பத்திக் கேட்டு வெச்சேன். காதுக்கு எட்டிருக்கும். இப்ப ஒழுங்கா ஓட்டறான்" என்றார்.

ஆமாங்க என்றேன். ஆமாங்க என்று சொன்னேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஷெட்டில் முக்கால்வாசி காலியாகிவிட்டது. நாளை மறுநாள் கழுவலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. வண்டி சரியாகிவிட்டது, நோட்டில் காரணம் எழுதியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் போய்விடுவான். வாயைத் திறந்தால் இரண்டு அவமானம். ஒன்று, பத்தொன்பது வருஷ மெக்கானிக் ஒரு துவாரத்தைப் பார்க்கவில்லை. இன்னொன்று, துக்க வருஷத்தில் திருட்டுத்தனமாகப் பூசைச் சாமானில் கை வைத்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் பொட்டு அவன் வைத்ததில்லை என்று அவனுக்குத் தெரியும். பெரியம்மா பாராட்டியபோது அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. அவன் போய்விட்டால் அந்தப் பார்வையும் போய்விடும் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கலாம். தண்ணீர் கலக்கிறான் என்று அவ்வளவு சீக்கிரம் எனக்குத் தோன்றியதற்கு அது காரணமா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பாதிதான் சொன்னேன்.

"மாதேஸ் மேல தப்பில்லீங்க. டேங்க் மூடித் தொவாரத்துல சந்தனம் அடச்சிருந்துது. ஆயுத பூசைக்கு வெச்ச பொட்டு. அதுதான் வண்டி நின்னுதுங்க."

முதலாளி முதலில் சிரித்தார். அப்புறம் முகம் மாறியது. "பொட்டு வெச்சது மாதேஸ்தானுங்களே? ஒரு வாரத்து வேல போச்சு, ஊர்க்காரன் வந்து பேசற பேச்செல்லாம் நாங் கேட்டேன். எல்லாம் இவன் அறிவுகெட்டத்தனம்தானா?" ஆள் விட்டு அவனைக் கூப்பிட்டார். பெரியம்மாவும் வந்து நின்றார்.

இப்போது சொல்லிவிடுவான், நான் வைக்கவில்லை என்று சொல்லிவிடுவான் என்று நின்றேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

"ஏண்டா, தொவாரத்து மேல கொண்டுபோயா சந்தனத்த அப்புவ?"

மாதேஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினான். "தெரியாமப் பண்ணீட்டனுங்க. நான்தானுங்க வெச்சேன். கெட்டியாப் போயிருச்சாட்ட இருக்குதுங்க."

முதலாளி அவனை ஒருபாட்டம் திட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் வர வேண்டாம் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவன் சரிங்க என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனான். நான் அங்கேயே நின்றிருந்தேன். நான் ஒரு மனிதனா என்று இருந்தது.

அக்டோபர் 26, சனி

காலையில் அவன் ஷெட் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் ஹோஸை அடைத்தேன்.

"ஏண்டா பொய் சொன்ன?"

நிமிர்ந்து பார்க்கவில்லை. "உடுங்க மேஸ்திரி."

"நீ வெக்கலைன்னு உனக்குத் தெரியுமல்ல? யாரு வெச்சான்னு தெரியுமா?"

வாய் மூடாதவன் பேசாமல் நிற்பது பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் சொன்னான்.

"அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு வந்தனுங்க, வண்டி கழுவலாம்னு. நீங்க குட்டி லோடர்கிட்ட நின்னுட்டு இருந்தீங்க. கைல கிண்ணம். பேசீட்டிருந்தீங்க."

"யாருகிட்ட?"

"அக்காகிட்டங்க. 'தனம், இந்தத் தடவ நானே கொழச்சேன், தண்ணியா இல்ல பாரு'ன்னு சொல்லீட்டிருந்தீங்க. அழுதுட்டும் இருந்தீங்க. நான் அப்படியே சத்தமில்லாமத் திரும்பிப் போயி டீக்கடைல ஒக்காந்துட்டனுங்க." ஹோஸைக் கையில் எடுத்துப் பார்த்தான். "அத நான் எப்படீங்க முதலாளிகிட்டச் சொல்றது? வேல எங்காச்சும் கெடைக்கும்."

வண்டியோடு பேசுகிறவன் என்று இவனை நான் கேலி செய்திருக்கிறேன்.

அவனிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக முதலாளி வீட்டுக்கு நடந்தேன். பெரியம்மா வாசலில் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். முதலாளியையும் கூப்பிடச் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"பொட்டு வெச்சது மாதேஸ் இல்லீங்க. நான். காலைல அஞ்சரைக்கே திருட்டுத்தனமா வந்து வெச்சேன். தண்ணி கலக்கறான்னு உங்ககிட்டச் சொன்னதும் நான்தான். ரெண்டும் எந் தப்பு. அவன் எனக்காவப் பொய் சொன்னான்."

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறவர். அந்தப் பார்வையைத் தாங்கத்தான் முடியவில்லை. "ஒரு வார்த்த சொல்லீருந்தா நான் வேண்டாம்பனாங்கண்ணா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பெரியம்மா அப்படி விடவில்லை. முறத்தைக் கீழே வைத்தார். "நான் வேண்டாம்ப்பேன். மொறைன்னு பெரியவங்க சும்மாவா சொல்லி வெச்சாங்க? கை வெக்கக் கூடாதுன்னேன். வெச்ச. வண்டி நின்னுபோச்சா இல்லியா?"

"நின்னுபோச்சுங்க."

"அப்புறம்?"

துவாரம் அடைத்ததால் நின்றது என்று நான் சொல்ல வேண்டும். கை வைத்ததால் நின்றது என்று அவர் சொல்கிறார். இரண்டும் ஒரே பொட்டுத்தான். மெக்கானிக்காக யோசித்தாலும் அவர் பக்கம் ஒரு பிடி இருக்கிறது. கெட்டியாகக் குழைத்தேன், ஏனென்றால் அரைத்துத் தர ஆள் இல்லை. ஆள் இல்லாத வருஷம் வைக்காதே என்றுதானே முறையும் சொல்கிறது.

அடுத்த வருஷ பூசையிலும் நான் தள்ளித்தான் நிற்க வேண்டும், மாதேஸ்தான் செய்வான் என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். மாதேஸ் என்று அவர் வாயால் வந்ததும் நான் முதலாளியைப் பார்த்தேன். "போயி அவன வரச் சொல்லுங்கண்ணா. நாந்தான் பேசோணும்" என்றார்.

பழுது நோட்டை எடுத்தேன். பதினெட்டாம் தேதி வரியில் நான்காவது கட்டத்தில் 'ஓட்டுநர்' என்பதை அடித்தேன். மேலே 'சந்தனம். வைத்தது குழந்தைவேலு' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அதே பேனாதான். எழுத்து நேராக விழுந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

மாதேஸ் வேலைக்கு வந்திருந்தான் என்று வாட்ச்மேன் போனில் சொன்னான். சுண்ணாம்பு அடித்து முடித்தாயிற்றாம்.

நேற்று முதலாளி அவனிடம் பேசி, வேலையில் இரு என்று சொன்ன பிறகு இரண்டு பேரும் டீ குடித்தோம். "அடுத்த வருசம் நான்தானுங்க பொட்டு வெக்கோணும். எங்கெங்க வெக்கக் கூடாதுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக் குடுத்துருங்க" என்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் புதுக் கோழியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். வாய் மூடாதவன் எதற்கு வாய் மூடாமல் இருக்கிறான் என்று கொஞ்சம் புரிந்தது.

சுகந்திக்குப் போன் செய்தேன். எழுதுகிறேன் என்று சொன்னேன். என்ன எழுதுறீங்கப்பா என்றாள். வண்டி ரிப்பேர் என்றேன். சிரித்தாள். பிறகு, முழுசாக இல்லாவிட்டாலும், அந்தக் காலை நேரத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

மத்தியானம் தனபாக்கியத்தின் சந்தனக் கல்லையும் கட்டையையும் தேடி எடுத்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டு உரசினேன். கால் மணி நேரம் உரசினாலும் ஒரு பொட்டுக்குத்தான் வருகிறது. பண்ணையில் சின்னதும் பெரியதுமாகப் பதினேழு எந்திரம். பத்தொன்பது வருஷம் ஒரு டம்ளர் நிறைய அரைத்துக் கொடுத்திருக்கிறாள், நான் தண்ணீர் என்று குறை சொல்லியிருக்கிறேன்.

வந்த சந்தனத்தை அவள் படத்துக் கண்ணாடியில், நெற்றியில் வைத்தேன். தண்ணீராகத்தான் இருந்தது. கொஞ்சம் வழிந்தது.

அக்டோபர் 28, திங்கள்

புதுக் கோழிகள் வரும் லாரி எட்டு மணிக்கு வந்துவிடும் என்று மாதேஸ் ஆறு மணிக்கே போன்.

எழுந்து பார்த்தேன். படத்தில் பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது. மறுபடி கல்லை எடுத்து உரசி, வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பத்து நிமிடம் தாமதம்.